ஓர் அணையை நிறுத்திய கடிதங்கள்

1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பெரும்பாலான அமெரிக்கர்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்ட அந்நாட்டு அரசு ஒப்புதல் கொடுத்தது. அணை வேண்டும் என்றவர்கள் பக்கம் அமைச்சர் இருந்தார், பொறியாளர்கள் இருந்தார்கள், சுற்றியுள்ள மாநிலங்களின் செனட்டர்கள் இருந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் பக்கம் மலையேறுபவர்கள், பறவை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓரிரு எழுத்தாளர்கள்... அவ்வளவுதான். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் தபால் தலை ஒட்டிய கடிதம்!

ஆறு வருடம் கழித்து அந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கும் எட்டு வருடம் கழித்து, காட்டு நிலத்தைக் காட்டு நிலமாகவே விட்டுவைக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் இந்த வெற்றிக் கதைக்கு நடுவில் ஒரு பெரிய தோல்வியும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

பொது நிலம் என்றால் என்ன?

அமெரிக்காவின் மொத்த நிலப்பரப்பில் கால் பங்குக்கும் அதிகம், அதாவது சுமார் 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் கையில் இருக்கிறது. இதைத்தான் அங்கே பொது நிலம் என்கிறார்கள். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் இருக்கிறது. தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகள், வனவிலங்குப் புகலிடங்கள், மேய்ச்சல் நிலங்கள் என்று பல வகை. 1905-ல் தொடங்கிய வனத்துறை, 1916-ல் தொடங்கிய தேசியப் பூங்காத் துறை உட்படப் பல துறைகள் இவற்றைப் பார்த்துக்கொள்கின்றன.

பொது நிலம் என்றாலே பாதுகாக்கப்பட்ட நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. தேசியக் காட்டில் மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், சாலை போடலாம், மாடு மேய்க்கலாம். எதை எங்கே அனுமதிப்பது என்பது பெரும்பாலும் அதிகாரிகளின் முடிவு. இன்று ஓர் அதிகாரி 'இங்கே சாலை வேண்டாம்' என்று வரைபடத்தில் கோடு போட்டால், நாளை வேறொரு அதிகாரி அந்தக் கோட்டை அழித்துவிடலாம். அந்த அழிரப்பருக்கு எதிரான போராட்டம்தான் இந்த வரலாறு.

முதல் தோல்வி

கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா 1890-ல் அமைக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1892-ல், ஜான் ம்யூர் என்ற இயற்கை ஆர்வலரும் அவருடைய நண்பர்களும் சியரா கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்ச்சி என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. யோசெமிட்டிக்கு இணையான அழகு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் தன் குடிநீருக்கு அந்தப் பள்ளத்தாக்கைக் கேட்டது. 1906-ல் வந்த நிலநடுக்கமும் தீ விபத்தும் நகரத்தின் கோரிக்கைக்கு வலு சேர்த்தன. தண்ணீர் கேட்கும் நகரத்தை யார் எதிர்ப்பது? ம்யூர் எதிர்த்தார். பத்திரிகைகளில் எழுதினார், துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், கடிதம் எழுதும்படி மக்களைக் கேட்டார். நாடு முழுவதும் இருந்து கடிதங்கள் போயின. ஆனாலும் 1913 டிசம்பரில் அதிபர் உட்ரோ வில்சன் அணைக்கு அனுமதி தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த டிசம்பரில் ம்யூர் இறந்துபோனார். 1923-ல் அணை கட்டி முடிக்கப்பட்டது. பள்ளத்தாக்கு இன்றும் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது.

தேசியப் பூங்கா என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்ற பாடத்தை அந்த அணை கற்றுக்கொடுத்தது.

எக்கோ பார்க்

கொலராடோ, யூட்டா மாநிலங்களின் எல்லையில் டைனோசர் தேசிய நினைவிடம் இருக்கிறது. 1915-ல் டைனோசர் எலும்புப் படிவங்களைக் காப்பதற்காக வெறும் 80 ஏக்கரில் அமைக்கப்பட்டது. 1938-ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை 2 லட்சம் ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கினார். கிரீன் ஆறும் யாம்பா ஆறும் குடைந்த ஆழமான பாறைப் பள்ளத்தாக்குகள் அப்போது உள்ளே வந்தன. இரண்டு ஆறுகளும் சேரும் இடத்துக்குப் பெயர் எக்கோ பார்க். செங்குத்தான பாறைச் சுவர் எழுப்பும் எதிரொலியால் வந்த பெயர்.

கொலராடோ ஆற்றின் மேல் பகுதியில் வரிசையாக அணைகள் கட்ட அமெரிக்க நீர்ப்பாசனத் துறை போட்ட பெரிய திட்டத்தில் எக்கோ பார்க் அணையும் ஒன்று. 1950 ஜூனில் உள்துறை அமைச்சர் ஆஸ்கர் சாப்மன் ஒப்புதல் அளித்தார். (அமெரிக்காவில் உள்துறை என்றால் போலீஸ் அல்ல, நிலம், நீர், பூங்காக்களைக் கவனிக்கும் துறை.) தேசியப் பூங்காத் துறையும் நீர்ப்பாசனத் துறையும் அதே அமைச்சரின் கீழ்தான் வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு கை காக்க வேண்டியதை மறு கை மூழ்கடிக்கப் பார்த்தது!

பக்கத்தில் இருந்த வெர்னல் ஊர் மக்களில் பலர் அணையை ஆவலோடு எதிர்பார்த்தார்கள். வறண்ட பூமி, தண்ணீர், மின்சாரம், வேலை எல்லாம் வரும் என்ற நம்பிக்கை. அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கோ தூரத்தில் இருப்பவர்கள் எங்கள் வாழ்க்கையில் தலையிடுகிறார்கள் என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு எதிராகத்தான் அணை எதிர்ப்பாளர்கள் பேச வேண்டியிருந்தது.

பேனா, படகு, கரும்பலகை

முதல் அடி ஓர் எழுத்தாளரிடமிருந்து வந்தது. 1950 ஜூலையில் பெர்னார்ட் டிவோட்டோ, லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஒரு காரமான கட்டுரை எழுதினார். நம் தேசியப் பூங்காக்களை இவர்கள் பாழாக்க விடலாமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. பின்னர் ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சுருக்கி வெளியிட்டது. எக்கோ பார்க் என்ற பெயர் நாட்டுக்குத் தெரியவந்தது.

அடுத்தது படகு. அந்த ஆறுகள் மிக ஆபத்தானவை, சாதாரண மனிதர்கள் அங்கே போகவே முடியாது, அணை கட்டி ஏரியாக்கினால்தான் எல்லோரும் பார்க்க முடியும் என்று அணை ஆதரவாளர்கள் சொல்லிவந்தார்கள். 1952-ல் சியரா கிளப்பின் முதல் செயல் இயக்குநரான டேவிட் ப்ரவர் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. 1953-ல் சங்க உறுப்பினர்களைக் குடும்பம் குடும்பமாக ரப்பர் படகில் ஏற்றி அந்த ஆற்றில் அனுப்பினார். படகை நடத்திச் சென்றவர் வெர்னல் ஊரைச் சேர்ந்த பஸ் ஹேட்ச் என்ற படகோட்டிதான். போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். திரும்பியதும் பேனாவை எடுத்துக் கடிதம் எழுதினார்கள். பயணங்கள் திரைப்படமாக எடுக்கப்பட்டு ஊர் ஊராகக் காட்டப்பட்டன.

மூன்றாவது கரும்பலகை. எக்கோ பார்க்கில் கட்டாமல் வேறு இடங்களில் கட்டினால் ஏராளமான நீர் ஆவியாகி வீணாகும் என்பது நீர்ப்பாசனத் துறையின் முக்கிய வாதம். 1954 ஜனவரியில் ப்ரவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லப் போனார். அவர் பொறியாளர் இல்லை. கல்லூரிப் படிப்பையே முடிக்காதவர். கரும்பலகையில் துறையின் எண்களையே எழுதிக் கூட்டல் கழித்தல் போட்டு, துறையின் கணக்கில் பிழை இருப்பதைக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான் என்றும் சொன்னார். பின்னர் துறையும் தன் எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. நிபுணர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

1955-ல் நாவலாசிரியர் வாலஸ் ஸ்டெக்னர் தொகுத்த படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று வெளிவந்தது. அதன் பிரதிகள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போயின. இதற்குள் தபால் மூட்டைகள் குவிந்திருந்தன. அணையை ஆதரித்து 1 கடிதம் வந்தால் எதிர்த்து 80 கடிதங்கள் வந்ததாக அப்போது சொன்னார்கள்.

1955 அக்டோபர் 31 அன்று 'டென்வர் போஸ்ட்' நாளிதழில் முழுப் பக்கத்துக்கு ஒரு திறந்த கடிதம் விளம்பரமாக வந்தது. எக்கோ பார்க்கை விட்டால் மற்றத் திட்டத்தை எதிர்க்க மாட்டோம். விடாவிட்டால் ஒட்டுமொத்தத் திட்டத்தையும் எதிர்ப்போம் என்பதே அதன் சாரம். திட்ட ஆதரவாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் அணைக்காக எல்லா அணைகளையும் இழக்க அவர்கள் தயாராக இல்லை. 1956 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தில் எக்கோ பார்க் அணை இல்லை. அந்தத் திட்டத்தின் எந்த அணையும் நீர்த்தேக்கமும் தேசியப் பூங்காவுக்குள்ளோ தேசிய நினைவிடத்துக்குள்ளோ வரக்கூடாது என்ற வாசகமும் சேர்ந்திருந்தது.

கொடுத்த விலை

அதே சட்டத்தில் வேறோர் அணை இருந்தது. அதன் பெயர் கிளென் கேன்யன்.

ப்ரவரின் கரும்பலகைக் கணக்கில் எக்கோ பார்க்குக்கு மாற்றாக அவர் காட்டிய வழிகளில் ஒன்று, கிளென் கேன்யன் அணையை இன்னும் உயரமாகக் கட்டுவது! அப்போது அவர் அந்த இடத்தை நேரில் பார்த்ததில்லை. அது தேசியப் பூங்காவும் இல்லை, நினைவிடமும் இல்லை. எனவே 'பூங்காவுக்குள் அணை கூடாது' என்ற கொள்கை அதைக் காக்கவில்லை. எக்கோ பார்க் காப்பாற்றப்பட்டதும் சியரா கிளப்பின் நிர்வாகக் குழு மேற்கொண்டு எதிர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது.

வேலை தொடங்கிய பிறகு படகில் போய்ப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். சிவந்த மணற்பாறைச் சுவர்கள், கிளைப் பள்ளத்தாக்குகள், பழங்குடி முன்னோர்களின் குடியிருப்புகள், பாறை ஓவியங்கள். 1963-ல் அணையின் கதவுகள் மூடப்பட்டு நீர் ஏறத் தொடங்கியது. பவல் ஏரி என்று பெயரிடப்பட்ட அந்தத் தேக்கம் முதன்முறையாக நிரம்பியது 1980-ல். ப்ரவர் தன் வாழ்நாள் முழுவதும் இதை எண்ணி வருந்தினார்.

இன்னொரு வேதனையும் உண்டு. பக்கத்தில் நவஹோ மக்கள் புனிதமாகக் கருதும் ரெயின்போ பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறை வளைவு ஒரு தேசிய நினைவிடம். தேக்க நீர் அங்கே புகாமல் தடுக்கப்படும் என்று 1956 சட்டமே வாக்குக் கொடுத்திருந்தது. அதற்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்கவே இல்லை. நீர் புகுந்தது. சட்டத்தில் எழுதிய வாசகத்துக்குக்கூடக் காவல் தேவை என்பது அப்போது புரிந்தது.

ஸானிஸரின் கோட்டுப் பை

எக்கோ பார்க் போராட்டத்தில் முன்னின்ற இன்னொருவர் ஹோவர்ட் ஸானிஸர். 1935-ல் தொடங்கப்பட்ட வில்டர்னஸ் சொசைட்டி என்ற சங்கத்தின் செயலாளர். சத்தம் போடாத மனிதர். துண்டுப் பிரசுரங்களை வைத்துக்கொள்வதற்காகவே கோட்டின் உள்ளே பெரிய பெரிய பைகள் தைத்து வைத்திருந்தார்!

ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித்தனியாகப் போராடிக்கொண்டே இருக்க முடியாது, நிரந்தரமான சட்டம் ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம். 1956-ல் வரைவு எழுதினார். செனட்டில் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியும் பிரதிநிதிகள் சபையில் ஜான் ஸேலரும் மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. காட்டு நிலம் என்பதற்கு விளக்கம் தரும்போது ஸானிஸர் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். 'தளையிடப்படாத' என்பது அதன் பொருள். குதிரையின் காலில் போடும் தளை இல்லாத நிலம்! யாருக்கும் புரியாது, மாற்றிவிடுங்கள் என்று சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை.

மசோதா 66 முறை திருத்தி எழுதப்பட்டது. 18 முறை பொது விசாரணைக்கு வந்தது. மரம் வெட்டும் தொழிலும் சுரங்கத் தொழிலும் மேய்ச்சல்காரர்களும் எதிர்த்தார்கள். வனத்துறையும் பூங்காத் துறையும்கூடத் தொடக்கத்தில் எதிர்த்தன, தங்கள் அதிகாரம் குறையும் என்ற பயம்! விசாரணை நடந்த ஊர்களில் எல்லாம் சாதாரண மக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 1964 மே 5 அன்று, கடைசி விசாரணையில் பேசிய சில நாட்களில், ஸானிஸர் 58 வயதில் இறந்துபோனார். அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஸானிஸரின் மனைவி ஆலிஸ் அருகில் நின்றார்.

54 பகுதிகள், 91 லட்சம் ஏக்கர். சாலை போடக்கூடாது, மோட்டார் வாகனம் கூடாது, மரம் வெட்டக்கூடாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம். புதிய சுரங்க உரிமை கோருவதற்கு மட்டும் 1983 முடிய இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பேரம் இல்லாமல் சட்டம் ஏது?

எதிரி கொடுத்த வரம்

இந்தச் சட்டத்தை மிகக் கடுமையாகத் தடுத்து வைத்திருந்தவர் கொலராடோவின் வெய்ன் ஆஸ்பினால், பிரதிநிதிகள் சபையின் உள்துறைக் குழுத் தலைவர். இனிமேல் எந்தப் புதிய பகுதியைச் சேர்த்தாலும் அதற்கு நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்து வாங்கினார். இதனால் காட்டுப் பகுதிகள் பெருகாமல் இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள்.

நடந்தது நேர் எதிர். அதிகாரிகளை நம்பியிருக்க வேண்டிய அவசியம் மக்களுக்கு இல்லாமல் போனது. தங்கள் தொகுதி உறுப்பினரைச் சம்மதிக்க வைத்தால் போதும்!

மொன்டானா மாநிலத்தில் லிங்கன் என்ற சிற்றூர். அதன் பின்னால் இருந்த காட்டில் சாலை போட்டு மரம் வெட்ட வனத்துறை திட்டமிட்டது. அந்த ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த செசில் கார்லண்ட் என்பவர் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். கூட்டம் போட்டார், செனட்டர்களைப் பார்த்தார், விசாரணைகளில் பேசினார். வனத்துறையின் எதிர்ப்பை மீறி 1972-ல் சுமார் 2.4 லட்சம் ஏக்கர் 'ஸ்கேப்கோட்' காட்டுப் பகுதியாகச் சட்டத்தில் இடம்பெற்றது. அதிகாரிகளின் பரிந்துரையால் அல்லாமல் குடிமக்களின் முயற்சியால் உருவான முதல் பகுதி இது.

கிழக்கு மாநிலங்களில் வேறொரு சிக்கல். அங்கே ஒரு காலத்தில் வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடுகள்தான் அதிகம். அவை தூய காடு இல்லை, எனவே சட்டத்துக்குள் வராது என்றது வனத்துறை. உள்ளூர் மக்கள் விடவில்லை. 1975 ஜனவரியில் கிழக்குக் காடுகளுக்கும் சட்டம் வந்தது. 1980-ல் அலாஸ்காவில் மட்டும் ஒரே சட்டத்தில் 5.6 கோடி ஏக்கர். இன்று 800-க்கும் மேற்பட்ட பகுதிகள், சுமார் 11 கோடி ஏக்கர்!

யாருடைய காடு?

இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. 'மனிதன் வந்து போகும், தங்காத இடம்' என்று காட்டு நிலத்தைச் சட்டம் பார்க்கிறது. ஆனால் அந்த நிலங்களில் மனிதர்கள் தங்கித்தான் இருந்தார்கள். யோசெமிட்டியில் வாழ்ந்த அவானீச்சி பழங்குடியினரை 1851-ல் ஆயுதப்படை விரட்டியது. ஆள் இல்லாத காடு என்று பின்னால் வந்தவர்கள் ரசித்த பல இடங்கள், ஆளை அப்புறப்படுத்திய பிறகு ஆள் இல்லாமல் போன இடங்கள்.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சிந்தனையை இந்தியாவின் கண்ணோட்டத்தில் விமர்சித்தார். ஏழை மக்கள் காட்டை நம்பி வாழும் நாட்டில் இந்த அமெரிக்க மாதிரியை அப்படியே நட்டால் பாதிக்கப்படுவது அந்த ஏழைகள்தான் என்பது அவர் வாதம். அமெரிக்காவிலேயே வில்லியம் க்ரோனன் 1995-ல் இதே போன்ற கேள்விகளை எழுப்பினார். மொன்டானாவின் சேலிஷ், கூட்னை பழங்குடியினர் 1982-ல் தங்கள் மிஷன் மலைகளைத் தாங்களே காட்டுப் பகுதியாக அறிவித்துக்கொண்டார்கள். காக்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கேயே வாழ்பவர்களின் உரிமையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

முடியாத கதை

2025 ஜூனில் அமெரிக்க செனட்டில் பொது நிலங்களில் பல லட்சம் ஏக்கரை விற்க ஒரு யோசனை வந்தது. சுற்றுச்சூழல் சங்கங்களோடு வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அதே மாதமே யோசனை திரும்பப் பெறப்பட்டது. 1955-ல் தபால் மூட்டை செய்த வேலையை இப்போது தொலைபேசியும் மின்னஞ்சலும் செய்தன.

அங்கே கிளென் கேன்யனில், 2000-க்குப் பிறகு வந்த நீண்ட வறட்சியால் பவல் ஏரி சுருங்கியது. 2023-ன் தொடக்கத்தில் அதில் கால் பங்கு நீர்கூட இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் மூழ்கிய கிளைப் பள்ளத்தாக்குகள் சில வெளியே தெரிந்தன. சுவர்களில் வெள்ளை உப்புக்கறை, தரையில் வண்டல், அதற்கு நடுவில் புதிதாக முளைத்த மரக்கன்றுகள்.

எக்கோ பார்க்கில் இரண்டு ஆறுகளும் இன்றும் அணையில்லாமல் சேர்கின்றன. அதற்குக் காரணமான கடிதங்களை எழுதியவர்களில் பெரும்பாலானோர் அந்த இடத்தைக் கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காத ஓர் இடத்துக்காக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுத நம்மில் எத்தனை பேர் தயார்?